கோணல் குதிரை

மருந்துக் கடையில் டப்பா அடுக்குகிற அவளுக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் நேர்கோடு. ஒரு டப்பா இம்மி விலகி நின்றாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அது ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது கல்யாணத்துக்கு அப்புறம்தான். "ஏமாத்திக் கட்டி வெச்சுட்டாங்க" என்று மாமியார் மூக்கைச் சிந்தினாள். "கட்டிக்கிட்ட நானே சும்மா இருக்கேன், உனக்கென்னம்மா?" என்று ஒரே போடாகப் போட்டான் புருஷன். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

ஆனால் செஸ் என்று வந்துவிட்டால், பெரிய கொம்பன் என்று மார்தட்டியவர்களையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தவள் அவள். மெக்கானிக்குக்கும் ஆட்டம் தெரியும். எல்லாம் அவளிடம் தோற்றுத் தோற்றே கற்றது.

அதிலும் ஒரு வினை இருந்தது. எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிகிற பட்சத்தில் வெட்டியே ஆக வேண்டும். கோணலை நேராக்க மட்டும் தொடுவதென்றால், முதலில் "சரி பண்றேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் தலையணையிடம் கணீரென்று சொல்வாள். அந்நியர் முன் பலகையில் உட்கார்ந்தாலோ அந்த இரண்டு சொல்லும் வெளியே வராது. போன வருஷம் சொல்லாமல் ஒரு கோணல் யானையைத் தொட்டு, அதை வெட்ட வேண்டி வந்து, ஜெயித்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டாள். பக்கத்துப் பலகையில் கோட்டும் டையுமாக இருந்த ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று எதிரே அதே கோட்டுக்காரர். ஜெயித்தால் நாட்டு அணியில் இடம். டிரா ஆனாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவள் கைதான் ஓங்கியிருந்தது. பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற மெக்கானிக்குக்கே அது தெரிந்தது. அப்போது கோட்டுக்காரர் தன் குதிரையைத் தூக்கி அவள் ராணிக்கு எதிரே வைத்தார். வைத்த லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! மற்ற காயெல்லாம் ஒழுங்காக நிற்க, குதிரை மட்டும் கட்டத்தின் ஓரத்தில் கழுத்தைக் கோணிக்கொண்டு நின்றது. அதற்குக் காவலாகப் பின்னால் ஒரு சிப்பாய். குதிரையை எட்டுவது அவள் ராணி ஒன்றுதான்; வெட்டினால் ராணி போச்சு.

படுபாவி, வேணும்னே வெச்சிருக்கான். மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. வெளியிலிருந்து வாயைத் திறந்தால் அவளுக்குத்தான் ஆபத்து. சட்டைக் காலரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றான்.

அவள் கை மேலே எழுந்தது, மடிக்குத் திரும்பியது. உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. கண் குதிரையை விட்டு நகரவில்லை. கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. தொட்டுடாதே தாயே, தொட்டுடாதே.

திடீரென்று ராணியை எடுத்தாள். கொண்டுபோய்ப் பின்னால் ஒரு மூலையில் வைத்தாள். மெக்கானிக் கயிற்றை எட்டிப் பிடித்தான். முற்றுகையை இவளே கலைத்துவிட்டாளே! கோட்டுக்காரர் உதட்டோரம் சிரித்தார். ராஜாவுக்குக் காவலிருந்த யானையைக் கிளப்பித் தாக்க அனுப்பினார்.

அவள் முறை வந்தது. இரண்டு விரலால் குதிரையைப் பிடித்துக் கட்டத்தின் நட்டநடுவில் நேராக நிறுத்தினாள்.

"தொட்டுட்டாங்க. வெட்டியாகணும்." கோட்டுக்காரரின் கை பட்டென்று மேலே போனது.

நடுவர் வந்து பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எதை வெச்சு வெட்டறது சார்? இவங்க காய் எதுவுமே அங்க எட்டலையே" என்றார். "அடுத்த தடவை சொல்லிட்டுத் தொடுங்கம்மா. ஆட்டம் தொடரட்டும்."

அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. அந்தக் குதிரையை நிம்மதியாகத் தொடுவதற்கென்றே ஒரு முழு நகர்த்தலைத் தாரை வார்த்திருக்கிறாள். இந்த நிம்மதிக்கு இவ்வளவு விலையா? இனி மீள முடியுமா?

அவள் உடம்பு ஆடுவது நின்றது, அசையாமல் உட்கார்ந்தாள். மூலையிலிருந்த ராணி மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவசரப்பட்டுக் கிளம்பிய யானையால் திரும்பி வர வழியில்லை. காவலற்ற ராஜா ஓடி ஓடிக் களைத்தது. கடைசியில் கோட்டுக்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை, காய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தவளிடம் மெக்கானிக் ஓடினான். கண் நிறைந்துவிட்டது. அவள் பார்த்தது அவன் காலரை. ஒரு பக்கம் கசங்கி மடங்கிக் கிடந்தது. அவள் கை எழுந்தது. பாதியில் நின்றது.

"ஏங்க," என்றாள், வாசல் காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க. "சரி பண்றேன்."

சொல்லிவிட்டுத்தான் காலரைத் தொட்டாள்.