அக்கா வீட்டு உறைமோர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். நான் படித்தது நுண்ணுயிரியல். ஊரில் கேட்டால் மோர்ப் படிப்பு என்பார்கள். புளித்த மோரில் இருக்கும் நல்ல கிருமிகள், நெஞ்சுச்சளியில் இருக்கும் கெட்ட கிருமிகளை அடக்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. லீவில் சொந்த ஊரான அரியலூருக்கு வரும்போதெல்லாம் உடையார்பாளையம், விக்கிரமங்கலம் என்று வீடு வீடாய்ப் போய் உறைமோர் கேட்பேன். விளக்கு வைத்த பிறகு ஒருத்தரும் தர மாட்டார்கள். அதனால் வெயிலில்தான் அலைச்சல்.

அத்தனை வீட்டு மோரிலும் ஜெயித்தது, பெரம்பலூர் பக்கம் வாக்கப்பட்ட என் அக்காவின் மோர். கண்ணாடித் தட்டு முழுக்கச் சளிக்கிருமி மாவு பூசினாற்போலப் படர்ந்திருந்தது. அக்காவின் மோரிலிருந்து பிரித்த கிருமியை வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளரவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன்.

"ஒன் மோரு சளிக்கிருமியக் கொல்லுதுக்கா. நான் கண்ணால பாத்தேன்."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். தட்டில் நடப்பது வேறு, உடம்புக்குள் நடப்பது வேறு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குள் தினமும் சொல்லிக்கொள்கிற பேச்சுதான் அது. அவளிடம் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்க எனக்கு அவ்வளவு அவசரம்.

அந்த மார்கழியில் அவளுடைய மூன்று வயது மகளுக்கு இருமலும் காய்ச்சலும் கண்டது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்கடியில் குழி விழுந்ததாம். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாமா சட்டையை மாட்டியிருக்கிறார். அக்காதான் விடவில்லை.

"சளி கட்டின புள்ளைக்கு மோரு குடுக்கிறியே" என்று ஏசிய மாமாவிடம், "எந்தங்கச்சி சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னா" என்றாளாம்.

இரண்டு நாள் மோர் மட்டுமே கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஊசி போட்டார். பிள்ளை தாங்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நியாயம். அக்கா அடிப்பாள் என்று பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அவளோ என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அழுது அழுது குரலே இல்லை.

"ஏண்டி, நான் குடுத்தது பத்தலையா? இன்னும் ரெண்டு வாய் குடுத்திருந்தா பொழச்சிருக்குமா?"

உண்மையைச் சொன்னால், என்னை நம்பியதால்தான் பிள்ளை போனது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்காகத்தான் இருந்தேன். அக்கா சாகும்வரை, தான் குறைத்துக் கொடுத்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.