எடை குறையாமல் மெலிந்த அம்மா

அம்மா இல்லாத ஓராண்டை எப்படியோ கடந்து வந்து இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறோம். மனம் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்மாவும் ஓரிடத்தில் நின்றவர் அல்லர்.

கலும்பாங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், பால்மரம் வெட்டும் குடும்பத்தின் மூத்த பெண்ணாகப் பிறந்தார். பள்ளி முடிந்ததும் ரவாங்கில் தொழிற்சாலை வேலை. திருமணமாகிக் கோல சிலாங்கூர் வந்தபின் பள்ளிக் கேண்டீனில் சமையல். அப்பா இளவயதிலேயே மறைந்ததால், எங்கள் மூவரையும் அந்த அடுப்படியில் நின்றே ஆளாக்கினார். தொலைக்காட்சி பார்க்கும்போதுகூடக் கை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்குக் கல்லீரல் இறுகிவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது எங்களால் நம்ப முடியவில்லை. பல காலமாக உடலில் ஒளிந்திருந்த பி வகைக் காமாலைக் கிருமிதான் காரணம். ஆனால் கோயிலில் ஒருவர், “ஈரல் கெட்டா குடிதானே காரணம்?” என்று காதில் விழும்படி கேட்டார். அம்மா திரும்பி, “ஆமா, கேண்டீன்ல தேத்தண்ணி நெறைய குடிச்சிட்டேன்” என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மாத்திரைகளோடு மாதங்கள் போயின. மருத்துவமனையில் ஒவ்வொரு முறை நிறுத்தபோதும் எடை அப்படியே இருந்ததில் எங்களுக்கு நிம்மதி. அம்மாவுக்கு மட்டும் இல்லை.

“அரிசி மூட்டையத் தூக்குன கைடி இது. இப்ப கொழம்புச் சட்டிய எறக்க முடியல. உள்ள என்னமோ நடக்குது” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். வளையல் முழங்கை வரை ஏறியது. வயிறு மட்டும் பெருத்தது.

கிள்ளான் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். தமிழ் பேசிய இளம் பெண் மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இடுப்புக்குச் சற்று மேலே உடலைக் குறுக்காகக் காட்டும் படம். முதுகெலும்பைச் சுற்றியும் வயிற்றோரத்திலும் இருக்கும் சதைக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்து அளந்திருந்தார்கள். நோயைக் கண்டறிந்தபோது எடுத்த முந்தைய ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்தார். சிவப்பு வற்றியிருந்தது யாரும் விளக்காமலே தெரிந்தது.

“எடை எறங்கலையே, டாக்டர்?” என்றேன்.

“வயித்துல தண்ணி சேர்ந்திருக்கு. மெஷின் அதையும் சேத்துத்தான் காட்டும். அம்மா, என்னா சாப்பிடுறீங்க?”

“கஞ்சிதான். நோய்க்காரிக்கு வேற என்னா?”

“அது பத்தாதும்மா. ஈரல் சோர்ந்துட்டா அதோட வேலையில கொஞ்சத்தச் சதைதான் செய்யுது. முட்டை, மீன், பருப்பு எல்லாம் வேணும். படுக்கறதுக்கு முன்னாடியும் ஏதாவது சாப்பிடுங்க. உப்பு கம்மி. தெனம் நடங்க.”

அம்மா படத்தையே பார்த்திருந்தார். “நான் சொன்னேன்ல?” என்றபோது குரலில் பயமும் இருந்தது, வெற்றியும் இருந்தது.

அன்றிலிருந்து வீடு பரபரத்தது. தம்பியின் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணவறையில் யாரும் தாங்காமல் நிற்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். சோறு வேகும் நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். காலையில் வாய்க்கால் ஓரம் நடப்பார். சுங்கை செம்பிலாங்கில் வாங்கிய மீனை, உப்பு பத்தவில்லை என்று திட்டியபடியே சாப்பிட்டு முடிப்பார்.

அடுத்த ஸ்கேனில் சதை கூடியிருக்கவில்லை. “இவ்ளோ தின்னும் அவ்ளோதானா?” என்று அம்மா கோபப்பட்டார்.

“கொறையாம நின்னிருக்கும்மா. இந்த நோயில அதுவே பெருசு லா” என்றார் மருத்துவர்.

திருமணத்தன்று அம்மா நின்றார். தாலி ஏறி, அட்சதை விழும்வரை எவர் கையையும் பிடிக்கவில்லை.

சில வாரங்களில் வயிற்று நீரில் கிருமி தொற்றியது. மீண்டும் கிள்ளான். பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடு ஒரு மலாய்க்கார அக்கா, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மாவுக்குப் பேசவே தெம்பில்லை. ஆனாலும் கண் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல், “மக்கான் லா, காக்!” (சாப்பிடு, அக்கா!) என்று மலாயில் அதட்டினார். அந்த அக்கா திடுக்கிட்டு எழுந்து சாப்பிட்டார். மறுநாள் விடியலில் அம்மா இறைவனடி சேர்ந்தார்.

படத்தில் சதையை முன்பே அளந்து பார்த்திருந்தால் என்ற கேள்வி எங்களை இன்னும் விடவில்லை. விடை யாரிடமும் இல்லை. ஈரல் நோயாளி உள்ள வீட்டார் எடையை மட்டும் நம்பியிராமல், கைகால் மெலிகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள்.

பொறுமையோடு விளக்கிய மருத்துவருக்கும், வார்டு தாதியருக்கும், வேளை தவறாமல் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய உறவுகளுக்கும் எங்கள் நன்றி. கருமக்கிரியையன்று கணவரின் கையைப் பிடித்தபடி வந்து, வாசலில் நின்று, “இப்போது தினமும் சாப்பிடுகிறேன்” என்று தம் மொழியில் சொல்லிவிட்டுப் போன அந்த மலாய்க்கார அக்காவுக்கும்.