மரத்தை இறக்கிவிட்டு வந்த வண்டில்

என் இடது காலை எடுத்தது முதலாளியின் அவசரம். அல்லாஹ்வின் மேல் பழி போடாதீர்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

என் மூத்த மகள் பிறந்த வருடம், ஆவணி மாதம். தோப்பூரிலிருந்து ஆறு பேர் காட்டுக்குள் வாடிக் கொட்டில் போட்டுத் தங்கி மரம் தறித்தோம். வாடியில் ஓர் ஒழுங்கு இருந்தது. கடைசி வெட்டுக்கு முன் “மரம்!” என்று கூவ வேண்டும். பக்கத்தில் நிற்பவன் “ஓம், விலகிட்டன்!” என்று பதில் கூவும்வரை கோடரியை ஓங்கக் கூடாது. லொறி வரும் நாளில் முதலாளி அதை நிறுத்தினார்.

“கூவிக் கூவி நிக்க நீங்க என்ன குயிலா? வெட்டுங்கடா!”

வாயை மூடிக்கொண்டு வெட்டினோம். அது எங்கள் பிழை. கூட வந்த என் மச்சான் வெட்டிய முதிரை மரம் என் காலில் விழுந்தது.

இரத்தம் நிற்கவில்லை. இருந்தது ஒரேயொரு மாட்டு வண்டில். அதில் லொறிக்குக் கொண்டுபோக மரம் ஏற்றியிருந்தது.

“முதலாளி, இவன் மௌத்தாப் போயிடுவான்!” என்று மச்சான் அழுதான்.

“மரத்தை இறக்க ஏலாது. லொறி வந்து போகட்டும், பாப்பம்.”

மனம் விட்டுப்போனது. “யா அல்லாஹ், கால் போனால் போகட்டும். நான் இன்னும் பார்க்காத என் பிள்ளையின் முகத்தைக் காட்டு” என்று கேட்டேன்.

கேட்டு முடிக்கவில்லை, மரம் உருளும் சத்தம். வண்டில்காரர், கிளிவெட்டிச் சாமித்தம்பி அண்ணன், கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்.

“ஆரைக் கேட்டு இறக்கினாய்? இனி உனக்கு இங்க வேலையில்ல!”

“வேண்டாம். வண்டில் என்ர, மாடு என்ர. உங்கட மரத்தை நீங்களே வைச்சுக் கும்பிடுங்கோ.”

மூதூர் ஆஸ்பத்திரிவரை மாட்டையும் முதலாளியையும் ஒரே வார்த்தையால் ஏசிக்கொண்டே ஓட்டினார். கால் போனது. உயிர் தங்கியது. மகளை மடியில் வாங்கினேன். அல்ஹம்துலில்லாஹ்.

முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் வரவேயில்லை. பிறகு பள்ளிவாசலில் என் தோளைத் தட்டினார். “எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். பொறுமை செய்யுங்க.”

“கால் போனது அல்லாஹ்ட நாட்டம் எண்டு நான் பொறுத்திட்டன். மரத்தை இறக்க ஏலாது எண்டது உங்கட வாய்” என்றேன், எல்லோருக்கும் கேட்க. காட்டில் மூடிய வாயை அதற்குப் பிறகு நான் எந்த அநியாயத்துக்கும் மூடியதில்லை.

சகோதரர்களே, அல்லாஹ்விடம் கையேந்தித் துஆக் கேளுங்கள். அவன் கேட்கிறான், ஒற்றைக் காலோடு நான் சொல்கிறேன். ஆனால் வேறொருவன் துஆக் கேட்டு உங்கள் முன்னால் கிடந்தால், “நாட்டம்” என்று கதை சொல்லாதீர்கள். வண்டிலிலிருந்து மரத்தை இறக்குங்கள்.