நங்கூர மார்க் கேசட்டுக்கு ஐந்து பாட்டு

எங்கள் பக்கத்தில் அஞ்சலி என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. சுவரொட்டி ஒட்ட வேண்டும், தெரு அடைத்துப் பந்தல் போட வேண்டும், பூவை வாரி இறைத்து ராயபுரத்திலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாடு வரை போக்குவரத்தை நிறுத்த வேண்டும். நான் அஞ்சலி செலுத்த நினைத்தது ஒரு கேசட் கம்பெனிக்கு. அவர்கள் வெளியிட்ட பாட்டுகளில் ஐந்தைத் திரும்பப் பாடிப் பதிவு செய்து ஆல்பமாகப் போடுவது என்பது திட்டம். இதைச் சொன்னதும் டோலக் வாசிக்கும் என் நண்பன், வியாசர்பாடிக்காரன், கேட்ட முதல் கேள்வி: "பதினாறாம் நாள் சோறு போடுவியா மாமு?"

நான் கீபோர்டு வாசிப்பவன். வாரத்தில் ஆறு நாள் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் சீல் நம்பரைச் சரிபார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிப் பூசையில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு வாசிப்பேன். இடைப்பட்ட நேரத்தில் இசைக் கலைஞன். அப்படித்தான் என் மனைவி மற்றவர்களிடம் அறிமுகப்படுத்துகிறாள், சிரிக்காமல்.

அந்தக் கம்பெனி ராயபுரத்தில் ஒரு வலைக்கயிறு கடையின் மாடியில் இருந்தது. அட்டையில் நங்கூரம் போட்டிருக்கும், அதனால் ஊருக்கு அது நங்கூர மார்க் கேசட். கானா, கல்யாணப் பாட்டு, மாதா பாட்டு, அம்மன் பாட்டு, எல்லாம் போட்டார்கள். மாதா பாட்டுக்கும் அம்மன் பாட்டுக்கும் ஒரே மெட்டு. இதை மத நல்லிணக்கம் என்று நான் ஃபேஸ்புக்கில் எழுதினேன். மெட்டுக்குப் பஞ்சம் என்று நண்பன் கீழே எழுதினான்.

கேசட் அட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பக்கம் பனிமலை. எண்ணூர் வரை தேடினாலும் எங்கள் பக்கத்தில் மலை என்று இருப்பது அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேடு ஒன்றுதான், ஆனாலும் பனிமலை. பின்பக்கம் சஃபாரி சூட் போட்ட முதலாளி. மலையைவிட அவர் கொஞ்சம் பெரியவர். அவருடைய பெயர் மூன்று இடத்தில் இருக்கும். பாடியவர்கள் என்ற இடத்தில் மட்டும் 'குழுவினர்' என்று போட்டிருப்பார்கள். எழுதியவர் குழுவினர், இசை குழுவினர். இந்தக் குழுவினர் பத்து வருஷம் ஓயாமல் உழைத்திருக்கிறார்கள், ஒருத்தர் முகமும் ஊருக்குத் தெரியாது.

ஆனால் பாட்டு இருக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது. அதில் ஒரு பெண் குரல். கீச்சென்று, பதினாறு வயதுப் பெண் ஓடிக்கொண்டே பாடுவதுபோல ஒரு குரல். அந்தக் குரல் பாடிய 'சங்கு ஊதியாச்சு, சோறு ஆறிப் போச்சு' என்ற பாட்டு எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கட்டாயம் உண்டு. அது வந்ததும் மாப்பிள்ளைத் தோழர்கள் கர்ச்சீப்பை வாயில் கடித்துக்கொண்டு ஆடத் தொடங்குவார்கள். என் கல்யாணத்தில் நானே ஆடினேன். பேன்ட் கிழிந்தது. வீடியோ இருக்கிறது.

அந்த வேகம்தான் நங்கூர மார்க்கின் அடையாளம் என்பது என் கொள்கை. இதற்கு நான் சித்தாந்தமே வைத்திருந்தேன். ஒருமுறை அடையாறிலிருந்து ஒரு தம்பி மைக்கோடு வந்து பேட்டி எடுத்தார். துறைமுகத்தின் அவசரம், ஷிப்ட்டுக்கு ஓடுகிற கால்கள், லாரிகளின் பதற்றம், இவையெல்லாம் சேர்ந்து உழைக்கும் மக்களின் நாடித்துடிப்பு தாளத்தில் ஏறியிருக்கிறது என்றேன். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் சாலையில் லாரிகள் மணிக்கணக்காக நகராமல் நிற்பதை நானும் சொல்லவில்லை, அதில் மாட்டித்தான் வந்திருந்தாலும் அவரும் கேட்கவில்லை.

ஆக, அந்த வேகத்தை அப்படியே பிடிப்பது என்று முடிவு செய்தேன். பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி, கேசட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பழகினோம். நண்பனுக்கு மணிக்கட்டு வீங்கியது. "இத்த வாசிச்சது கையா மிஷினா மாமு? ஒரு மனுசன் இவ்ளோ ஸ்பீடா அடிச்சா கை கயண்டு வந்துடும்" என்றான். சாதகம் பண்ணு என்றேன். சாதகம் பண்ணாத ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான்.

பெண் குரலுக்குத்தான் திண்டாட்டம். முதலில் ஒரிஜினல் பாடகியையே தேடினேன். முதலாளி காலமாகிவிட்டார். அதே மாடியில் அவருடைய மகன் தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறார். "யாரோ பாடுனாங்க சார், ரிலீஸ் பண்ணது எங்கப்பா" என்றார், கேனை உருட்டிக்கொண்டே. இந்தக் குரல் யாருடையது என்று ஃபேஸ்புக்கில் கேட்டேன். அது தன் சித்திதான் என்று நாலு பேர் சொன்னார்கள், நாலும் வேறு வேறு சித்தி. கடைசியில் எங்கள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் ஒரு கல்லூரிப் பெண்ணைப் பிடித்தேன். நல்ல மேல் குரல். மூன்று வாரம் அந்தச் சுருதியில் கத்தவிட்டேன்.

பாடகர் குழு என்றதும் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்வரிசையில் ஓர் அக்கா நிற்பார். அறுபது தாண்டியவர், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் கனமானது. எல்லோரும் சேர்ந்து பாடும்போது அந்தக் குரல் மட்டும் அடியில் தனியாகக் கேட்கும். நான் குழுவுக்கு வாசிக்க வந்த முதல் வருஷமே, கிறிஸ்துமஸ் பூசைக்கு முன்னால், அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "அக்கா, நீங்க சும்மா வாய மட்டும் அசைங்க. பிள்ளைங்க சுருதி கலையுது." சரி தம்பி என்றார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் எங்கள் குழுவுக்குச் சுருதி பிரச்சினையே இல்லை. எவ்வளவு நாசூக்காகக் கையாண்டேன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை இருந்தது.

பங்குச் சாமியார் தயவில் கோயில் ஹாலில்தான் ஒத்திகை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், 'சங்கு ஊதியாச்சு' பாட்டின் நடுவில் கல்லூரிப் பெண்ணுக்குத் தொண்டை அடைத்தது. காற்றுதான் வந்தது. அவள் கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்துவிட்டாள். நாலு மணிக் குழுப் பயிற்சிக்குச் சீக்கிரமே வந்துவிட்ட அக்கா, மூலையில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி அவளிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பாட்டு இவ்ளோ ஸ்பீடு இல்ல தம்பி."

"கேசட்டுல இப்டித்தான்க்கா கீது."

"கேசட்டுல அப்டித்தான் கீது. நான் அப்டி பாடல."

முதலில் நண்பன் சிரித்தான். பிறகு நான். தொண்டை போன பெண்கூட, சத்தம் வராமல், சிரித்தாள். அந்தக் கீச்சுக் குரலையும் இந்த அக்காவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. இந்தச் சிரிப்பு அவருக்குப் பழக்கம் என்று தெரிந்தது. "எம் பொண்ணு கண்ணாலத்துல இந்தப் பாட்ட போட்டாங்க. நான் பாடுனதுன்னேன். சம்பந்தி வூட்டுக்காரங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. எம் பொண்ணுக்கு மானம் பூடுச்சாம், இனிமே இப்டி ஒளறாதம்மான்னு சொல்லிச்சு. அதோட நான் யார்கிட்டயும் சொல்றதில்ல" என்றார். நாற்காலி போடப் போய்விட்டார்.

நண்பன்தான் விடவில்லை. "யக்கா, அப்போ அந்தக் குரல் இன்னா?"

"மொதலாளி பண்ண வேல நைனா. ஒரு பக்கத்துக்கு அஞ்சு பாட்டு அடங்கணும். அடங்கலன்னா பெரிய டேப்பு வாங்கணுமே. மிஷினுக்குப் பின்னால ஒரு ஓட்ட இருக்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவர விட்டுத் திருப்புவாரு. பாட்டு ஸ்பீடா ஓடும், கொரல் மேல ஏறிடும். அத்த அப்டியே புடிச்சுக் காப்பி போடுவாரு. என்னா மொதலாளி, பூன மாரி கீதுன்னு கேட்டேன். ஜனங்களுக்குப் புடிக்கும் போம்மான்னுட்டாரு."

எங்கள் டேப் ரெக்கார்டரின் பின்பக்க மூடியைக் கழற்றினோம். மோட்டாரில் அந்த ஓட்டை இருந்தது. நண்பன் என் கீபோர்டு டப்பாவிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உள்ளே விட்டு, முதலாளி திருப்பியதற்கு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பினான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு வயதுப் பெண் இறங்கி வந்தாள். இருபது வயது, முப்பது வயது. இரண்டு கட்டை இறங்கியதும் நண்பன் கையை எடுத்தான். டோலக் இப்போது மனிதன் அடிக்கிற டோலக். ஸ்பீக்கரில் பாடுவது அக்கா. மூலையில் நாற்காலியைப் பிடித்தபடி நிற்பதும் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் கர்ச்சீப் கடித்து ஆடிய பாட்டு அது. இந்த இறங்கிய வேகத்தில் கேட்டால் ஆட முடியாது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியும் வராத புருஷனுக்காகச் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. வார்த்தைகள் எப்போதும் அவைதான். நாங்கள்தான் கேட்டதில்லை. "இது ஆடுற பாட்டா தம்பி? அழுவுற பாட்டு. எங்கம்மா இப்டித்தான் வாசல பாத்துக்கினு ஒக்காந்துகினு இருக்கும். அத்த நெனச்சித்தான் பாடுனேன்" என்றார் அக்கா.

உழைக்கும் மக்களின் நாடித்துடிப்பு ஒரு ஸ்க்ரூ. என் சித்தாந்தத்தின் நீளம் அவ்வளவுதான். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது அதற்காக இல்லை. அந்தக் குரலைத் தெருத் தெருவாகத் தேடினேன், தண்ணீர் கேன் கடையில் கேட்டேன், ஊரெல்லாம் விசாரித்தேன். அந்தக் குரல் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பத்தடி பின்னால் நின்றது. அதை வாயை மூடச் சொன்னவன் நான். முதலாளியாவது அதை வேகமாக ஓட்டினார். நான் நிறுத்தியே வைத்திருந்தேன்.

ஐந்து பாட்டையும் அக்காவே பாடினார், அவருடைய சுருதியில், அவருடைய வேகத்தில். நண்பனின் மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. பாடியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் பெரிதாகப் போட்டோம். இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை, அந்தப் பெயர் வேண்டுமென்றால் ஆல்பத்தில் போய்ப் பாருங்கள். வெளியான அன்றைக்கே முதல் கருத்து வந்தது: 'ஒரிஜினல் பாடின பொண்ணு மாதிரி வராது. யார் இந்த ஆன்ட்டி? நங்கூர மார்க்கை அசிங்கப்படுத்தாதீங்க.' எனக்கு ரத்தம் கொதித்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்தப் பொண்ணு ஷோக்கா பாடுவா தம்பி, நம்பளால முடியுமா?" என்றார். அவருடைய மகள் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு மீஞ்சூரிலிருந்து போன் செய்தாராம். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வைத்துவிட்டாராம்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு நான் சீக்கிரமே போய், மைக்கை முன்வரிசையிலிருந்து எடுத்து அக்கா முன்னால் வைத்தேன். பெருந்தன்மை. அக்காவும் மைக்கைப் பார்த்துத் தலையாட்டினார். வருகைப் பாட்டு தொடங்கியது. பிள்ளைகள் குரல் கேட்கிறது, அக்கா குரல் கேட்கவில்லை. மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அதில் விளக்கு எரிகிறது. அதற்கு முன்னால் அக்கா, கண்ணை மூடி, ஒரு வார்த்தை விடாமல் வாயை அசைத்துக்கொண்டிருக்கிறார்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். பாட்டு தடுமாறி நின்றது. பீடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த சாமியாரும் நின்றார்.

"அக்கா, ஏன் பாடல?"

"கேசட்டுக்குத்தானே பாடச் சொன்ன. இங்க சொல்லலியே தம்பி."

அது மைக்கில் கோயில் முழுக்கக் கேட்டது. எனக்கு வேண்டியதுதான்.

"தப்புக்கா. தப்பு என்னோடது. பாடுங்க" என்றேன். கீபோர்டில் சுருதியை இரண்டு கட்டை இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அக்கா பாடினார். அந்தக் கீழ்ச்சுருதி முன்வரிசைப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. அவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள்.