நான் முறைக்கவில்லை

முதலில் அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை. முறைப்பு என்றார்கள்.

மாட்டுத்தாவணி போகும் பேருந்தில் எதிரே நின்றவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மொறைக்கிற?" என்றார். மதுரையில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. இல்லை என்றால் பயந்தவன், ஆமாம் என்றால் சட்டையில் கை விழும். நான் இரண்டையும் சொல்லாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

நான் மாசி வீதிப் பக்கம் ஒரு சேலைக் கடையில் விற்பனையாளன். சேலையை விரித்துப் போட்டுச் சிரித்துப் பேசுவதுதான் என் பிழைப்பு. விலை கேட்டாலே பாய் முறைக்கிறார் என்று ஒரு அம்மா முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி திட்டவில்லை. பின்கட்டில் சேலை மடிக்கும் வேலைக்கு என்னை மாற்றிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டில் என் மனைவி மும்தாஜ், "எம் மேல என்ன கோவம்? சொன்னாத்தானே தெரியும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபமே இல்லை என்றேன். நம்பவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே ஏதோ கோபம் இருக்கிறதோ, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று. பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்தேன். உடம்பு இளைத்ததையும் நெஞ்சு படபடத்ததையும்கூடத் தெருவில் எல்லோரும் கோபத்தின் தலையில்தான் கட்டினார்கள்.

ஒரு நாள் பின்கட்டில் மடித்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் தூசி விழுந்தது. அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். கையிலிருந்த மிளகாய்ப்பழச் சிவப்புச் சுங்குடிச் சேலை, பழைய செங்கல் நிறத்தில் இருந்தது. கண்ணை மாற்றினால் சிவப்பு. மறுபடி மாற்றினால் செங்கல். சாயம் போட்டவனைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் சாயம் போகுமா? சேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

கண் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மும்தாஜும் நானும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். கண்குழிக்கு (மண்டையோட்டில் கண் உட்கார்ந்திருக்கும் எலும்புப் பள்ளம்) என்று தனிப் பிரிவு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. டாக்டரம்மா பக்கவாட்டில் அளவுகோல் வைத்துக் கண்ணை அளந்தார். நிறம் பிரிந்து தெரிகிறதா என்று பார்க்க, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்த பிறகு, என்னை விட்டுவிட்டு மும்தாஜிடம் சொன்னார்.

"இவர் முறைக்கலம்மா. மேல் இமை ஏறிப்போய் இறங்க மாட்டேங்குது. இது கோவம் இல்ல, தைராய்டு."

மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கோ சிரிப்பு வந்தது. விடுதலைத் தீர்ப்பு வாங்கியவன்போல் இருந்தேன். அந்தச் சந்தோஷம் டாக்டரம்மா அடுத்து வாய் திறக்கும்வரைதான்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் தாக்கி வீங்க வைக்கிறதாம். சுற்றிலும் எலும்பு. வீக்கம் போக இடமில்லாமல் கண்ணை முன்னால் தள்ளுகிறது, பார்வை நரம்பை (கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு) நெரிக்கிறது. சிவப்பு போனது அதனால்தான். ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) கை நரம்பு வழியாக ஏற்றினார்கள். முகம்தான் பூசணிக்காய்போல் உப்பியது, சிவப்பு வரவில்லை. கண்குழி எலும்பில் கொஞ்சத்தை எடுத்து வீக்கத்துக்கு இடம் விட வேண்டும் என்றார்கள்.

பார்வை திரும்புமா என்று கேட்டேன். "போனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்குறோம்" என்றார். கைகூப்புவதைத் தவிர எனக்கு என்ன செய்யத் தெரியும்?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலது கண் கொஞ்சம் உள்ளே போனது. சிவப்பு பாதி வந்தது. அண்ணாந்து பார்த்தால் ஒரு மின்விசிறி இரண்டாகச் சுற்றுகிறது. இமையை இறக்கும் சிகிச்சையை இப்போது செய்யக் கூடாதாம், முதலில் நோய் தூங்க வேண்டுமாம். நான்தான் களிம்பு தடவிய கண்ணைப் பாதி திறந்துகொண்டு தூங்குகிறேன். நோய் தூங்கிய பாடில்லை.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். ஒவ்வொரு கண்ணாக மூடி ஒரு சிவப்புத் துணியைப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். புகை இந்த நோய்க்குத் தீனி என்றார்கள், பீடியை விட்டேன். எழுந்ததும் நான் பார்ப்பது அந்தத் துணியைத்தான். நேற்றைய சிவப்பு இன்றும் இருந்தால், இன்னும் ஒரு நாள் கிடைத்ததாக வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எதையும் திட்டம் போடுவதில்லை.

போன முறை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். அட்டைகளை இடது கண்ணுக்குக் காட்டினார்கள். பாதிக்கு மேல் எனக்கு எண்ணே தெரியவில்லை, வெறும் புள்ளிகள். டாக்டரம்மா இன்னொரு முறை காட்டினார். பிறகு அட்டைகளை மெதுவாக அடுக்கி வைத்துவிட்டு, அந்தப் பக்கமும் ஆரம்பித்திருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து சோற்றின் முன் உட்கார்ந்தேன். அப்போது வந்தது கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. எதிரே இருந்தவள் மும்தாஜ். பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரை மனதார முறைத்தேன்.

அவள் குழம்புக் கரண்டியோடு என் முகத்தையே பார்த்தாள்.

"கண்ணு ரொம்பக் காஞ்சு கெடக்குதுங்க. மருந்து விடவா?"

கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சொட்டு மருந்தை எடுத்து வந்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. நான் தலையை அண்ணாந்து கொடுத்தேன்.