அப்பாவின் நிலமும் என் பரிசுக் கட்டுரையும்

எழுத்துக்காக எனக்கு முதலில் கிடைத்த பரிசு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதைப் பள்ளிக்கூடம் கொடுத்தது. இரண்டாவதாகக் கிடைத்தது ஒரு பேனா. அதைக் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் புலம்பல்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஷார்ஜாவில் ஐந்தாம் வகுப்பு. அப்பா தொழில்பேட்டையில், சனையா என்றால்தான் அங்கே எவருக்கும் புரியும், ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். இரும்புத் துகள் பட்டுப் பட்டு அவர் கண் எந்நேரமும் சிவந்தே இருக்கும். மாலையில் வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருப்பார். "அடுத்த வருஷம் விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயிடணும். நம்ம நெலத்துல போய் நிக்கணும்" என்று கூரையைப் பார்த்தபடி சொல்வார். அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. எனக்கு இருந்ததும் ஒரே பயம்தான்: அவர் சொன்னபடி செய்துவிடுவாரோ என்று. கரண்ட் போகாத வீட்டையும் என் தோழிகளையும் விட்டுவிட்டு எவள் போவாள்?

அந்த நிலத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருவாரூர் பக்கம் எங்கள் ஊரில் பாதி வயல் பண்ணை வீட்டாருடையது. எங்கள் தாத்தா அவர்களிடம் குத்தகைக்கு உழுதவர். நில உச்சவரம்புக்கு மேல் இருந்ததை அரசாங்கம் பண்ணை வீட்டாருக்கு விலை போட்டுக் கொடுத்து எடுத்துக்கொண்டது. உழுதவர்களுக்கே அதைப் பிரித்துக் கொடுப்பதாகவும் சொன்னது. பண்ணை வீட்டார் கோர்ட்டுக்குப் போனார்கள். தாத்தா போய்ச் சேர்ந்தாரே தவிர வழக்கு முடியவில்லை. ஒருவழியாக அது முடிந்து இரண்டு ஏக்கர் அப்பா பெயருக்கு வந்தபோது அப்பா ஷார்ஜாவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். எமர்ஜென்சி லீவில் பறந்துபோய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று சேற்றில் இறங்கி நின்றார். பட்டாவை வாங்கிக்கொண்டு பத்தாம் நாள் டூட்டிக்குத் திரும்பிவிட்டார்.

பட்டாவோடு நிபந்தனையும் உண்டு. விற்கக்கூடாது. குத்தகைக்கு விடக்கூடாது. வாங்கியவரே பயிர் செய்ய வேண்டும். பயிர் செய்தது என்னவோ சித்தப்பா. யாராவது அதிகாரி வந்து விசாரித்தால், "அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க" என்பார். அப்படி அப்பா போகாத கல்யாணமே இல்லை. ஊருக்கே விஷயம் தெரியும். வி.ஏ.ஓ.வுக்கும் தெரியும். காகிதத்தில் யாரும் கேட்கவில்லை, காகிதத்தில் யாரும் சொல்லவும் இல்லை. அதனால் எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷப் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. பட்டறை மேனேஜரை அப்பா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் அயர்லாந்துக்காரர். அப்பாவின் ஆங்கிலம் பட்டறைக்குள் மட்டும் ஓடும்; எனவே நடுவில் மொழிபெயர்ப்பாளர் நான். பேச்சு எப்படியோ நிலத்துக்குப் போனது. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் குத்தகைக்காரராம். பிரபு ஒருவரின் எஸ்டேட்டில் உழுது குத்தகைப் பணம் கட்டியவராம். அரசாங்கம் எஸ்டேட்டை விலைக்கு வாங்கி, துண்டு துண்டாக்கி, உழுதவர்களுக்கே தவணைக்கு விற்றதாம். கொள்ளுத்தாத்தா தொடங்கிய தவணையைத் தாத்தா கட்டி முடித்தாராம்.

அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "அட, நம்மாளு!" என்று அவர் இலையில் இன்னொரு கரண்டி பொங்கலைத் தள்ளினார். பிறகு என்னிடம், "இவரு இங்க இருக்காரே, அங்க யாரு பாக்குறா? கவர்மெண்டு ஒண்ணும் கேக்கலியான்னு கேளும்மா" என்றார்.

கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. தம்பி பார்த்துக்கொள்கிறான், அரசாங்கம் எதற்குக் கேட்கப் போகிறது என்று சிரித்தார்.

அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னார்: "தவண கட்டி வாங்குனவன எவனும் எங்கடா போனன்னு கேக்க மாட்டான். நமக்கு சும்மா குடுத்தாங்கல்ல? அதான் ஆயுசு முழுக்கக் கேள்வி."

இது என் காதில் விழுந்தது. மண்டையில்தான் ஏறவில்லை.

அடுத்த மாதம் பள்ளியில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி. 'நான் பெருமைப்படும் ஒன்று' என்பது தலைப்பு. மற்ற பிள்ளைகள் உயரமான கட்டடங்களைப் பற்றி எழுதினார்கள். நான் மேனேஜரின் கதையையும் எங்கள் கதையையும் பின்னிப் போட்டேன். ராஜா மாதிரி ஒரு பண்ணையார், ஏழைத் தாத்தா, நல்ல அரசாங்கம். முடிவு அமர்க்களமாக இருக்க வேண்டாமா? எனவே இப்படி முடித்தேன்: 'என் அப்பா பல வருடங்களாக ஷார்ஜாவில் வேலை செய்கிறார். இப்போது அவரே லேண்ட்லார்ட். என் சித்தப்பாதான் அவருடைய டெனன்ட். எங்களுக்கு அவர் மூட்டை மூட்டையாக நெல் அளக்கிறார்.'

எங்களுக்கு வந்ததெல்லாம் லீவில் போய்வருகிறவர்கள் கையில் ஐந்து கிலோ அரிசி. அதற்கு இத்தனை ஜம்பம்.

முதல் பரிசு எனக்கே. கட்டுரையை ஆண்டு மலரில் போட்டார்கள். பட்டறை வாசலில் எண்ணெய்க்கறை உடுப்போடு அப்பாவும், பக்கத்தில் கோப்பையோடு நானும் நிற்கிற படம் வேறு. அப்பா கைகழுவிவிட்டு வந்து மலரைத் தொட்டார். "படிச்சுக் காட்டு" என்றார். தமிழில் சொல்லியிருக்கலாம், படுபாவி நான். டீச்சர் போலவே நாக்கைச் சுழற்றி ஆங்கிலத்தில் கடகடவென்று படித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், "லேண்டு லேண்டுன்னு வந்துச்சே, நம்ம நெலமா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அம்மா இரண்டு பிரதிகளை ஊருக்குப் போகிற ஒருவரின் பெட்டியில் வைத்து அனுப்பினாள். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது? அந்தத் தெருவில் அதைப் படித்து அர்த்தம் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான், திருவிழாவுக்கு வந்திருந்த பண்ணை வீட்டுப் பேரன். டவுனில் வக்கீல்.

சித்தப்பா நேரே அங்கே போனார். அந்த வீட்டில் அன்றுதான் முதல்முறையாக அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்களாம், காபியும் கொடுத்தார்களாம். பேரன் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். கடைசி வரியைக் கேட்டுச் சித்தப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கிறார். "என்னையக் குத்தகக்காரனாக்கிட்டா பாருங்க, பொல்லாத புள்ள!"

"கெட்டிக்காரப் பொண்ணு. இதுல ஒரு காப்பி நான் வச்சுக்கவா?" என்று கேட்டாராம் பேரன். சித்தப்பாவுக்கு அதைவிட வேறென்ன பெருமை வேண்டும்? கொடுத்துவிட்டு வந்தார். பேரன் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து எனக்கென்று கொடுத்தனுப்பினார்.

தங்க நிறக் கிளிப் வைத்த நீலப் பேனா. அது ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்த நாளில் தெருவெல்லாம் காட்டினேன். ஊரில் ஒரு வக்கீல் என் எழுத்துக்காகக் கொடுத்தது என்று பீற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு வீட்டில் போன் அடிக்கடி அடித்தது. அம்மா அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினாள். அப்பா ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு, இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். சாக்லேட் எதுவும் வாங்கி வரவில்லையே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நிலத்தை உள்குத்தகைக்கு விட்டுவிட்டு ஆள் வெளிநாட்டில் இருக்கிறார் என்று மனு போயிருந்தது. மனுவோடு என் கட்டுரையும், அதன் தமிழாக்கமும், அப்பா ஷார்ஜாவில் நிற்கும் படமும். பட்டா ரத்தாகிவிட்டது. இதெல்லாம் நான் கல்லூரி முடித்த பிறகுதான், அம்மா சொல்லித் தெரிய வந்தது. அதற்குள் அப்பா ஊருக்குத் திரும்பியிருந்தார், கார்கோவில். பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அவரைக் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆனால் அப்பா ஊரிலிருந்து இளைத்துத் திரும்பிய பிறகு வந்த ஒரு காலைப்பொழுது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "இனிமே ஊருக்குப் போகலம்மா. இங்கதான் இருக்கப்போறோம்" என்றார்.

"நெஜமாவா? சத்தியமா?"

"சத்தியமா."

கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் செல்ல அப்பா!" என்று கத்தினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. அடுத்த வருஷமும் இதே பள்ளியில் தொடர்வேன் என்று பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தைக் கொண்டுபோக வேண்டும். அதை அவர் மடியில் விரித்துவிட்டு என் நீலப் பேனாவை நீட்டினேன். அப்பா அதை வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். தங்கக் கிளிப்பைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மூடியைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லா எழுதுதும்மா" என்றார்.

"சீக்கிரம்ப்பா, பஸ் போயிடும்!" என்றேன் நான்.