சித்தியின் கொண்டை ஊசிகள்

என் பீரோவில் பழைய பவுடர் டப்பா ஒன்று இருக்கிறது. ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். உள்ளே இருப்பவை சித்தியின் கொண்டை ஊசிகள். மர்பி டவுனில் எங்கள் தெருவில் அவ்வளவு பெரிய கொண்டை வேறு யாருக்கும் கிடையாது. காலையில் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, தானே வாரி, தானே முடிந்துகொண்டு தையல் கம்பெனிக்குக் கிளம்புவாள். சின்ன வயதில் ஒருமுறை ஆசையாகப் பின்னிவிடப் போனேன். சுளீரென்று கையைத் தட்டிவிட்டாள். அம்மாவின் தங்கை; அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். முடிமேல் அத்தனை கர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பிரச்சினை நெற்றியில். பதினைந்து வயதில் இடது புருவத்துக்கு மேலே புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு தோன்றியது. தொட்டால் கல் மாதிரி இருக்கும், வலிக்காது. எலும்பு கொஞ்சம் கூடுதலாக வளர்ந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பயம் போயிற்று, வெட்கம் போகவில்லை. கல்லூரி அடையாள அட்டை முதல் சிநேகிதியின் கல்யாண ஆல்பம் வரை எல்லாப் படத்திலும் என் நெற்றியை மறைத்து முடி விழுந்திருக்கும். "யாரு பாக்கறாங்க பாப்பா?" என்பாள் சித்தி. அதைச் சொல்லிக்கொண்டே அந்த முன்முடியை அளவு பிசகாமல் வெட்டிவிடுவதும் அவள்தான். கட்டியை எடுக்க நெற்றியிலேயே கீற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், கட்டி போய்த் தழும்பு வருவதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று என்னைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

நான் வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்து, வேறொரு டாக்டரம்மா வேறு வழி சொன்னார். முன்தலை முடிக்குள் சிறிய கீறல் போட்டு, கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, தோலுக்கு அடியிலேயே மேட்டைச் செதுக்கிவிடலாம். நெற்றியில் கத்தி படாது. "தழும்பு முடிக்குள்ள ஒளிஞ்சுக்கும். பயபடபேடி அம்மா" என்று தமிழும் கன்னடமுமாகத் தைரியம் சொன்னார். சித்தி ஒன்றே ஒன்று கேட்டாள். "இது வம்சத்துல வர்றதா டாக்டர்?" பெரும்பாலும் அப்படி இல்லை, ஏன் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சித்தி தலையாட்டினாள். அவள் அதை நம்பவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கட்டுப் பிரித்து, வீக்கம் வடிந்தபின் கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்து அழுதேன். சித்தி என் முடியை விலக்கித் தழும்பைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. நல்லபடியாக முடிந்தால் எனக்கு மொட்டை போடுவதாகத் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் சொன்னாள். டாக்டரம்மா பாடுபட்டு ஒளித்து வைத்ததை ஊருக்கே திறந்து காட்ட வேண்டுதல். "உன் சாமி, உன் வேண்டுதல். என் தலைய ஏன் இழுக்கற?" என்று கத்தினேன். இன்றும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கூட வா, போதும். தலை என்னுது. முருகன் கோச்சுக்க மாட்டான்" என்றாள். திருத்தணியில் கொண்டையை அவிழ்த்து, ஊசிகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பாதித் தலை வழித்ததும் நாவிதரின் கத்தி நின்றது.

"அம்மா, காதுக்குப் பின்னால கல்லு மாதிரி ஒரு கட்டி கீதே."

"தெரியும். பாத்து வழி."

என் நெற்றியில் இருந்த அதே மேடு, அதே அளவு.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தபோது சொன்னாள். "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்க ஆரம்பிச்சது. உனக்கு வந்தப்போ, எங்கிட்டருந்துதான் வந்துச்சுன்னு நெனச்சேன். எனக்காவது மறைச்சுக்க எடம் இருந்துச்சு. உனக்கு மூஞ்சியிலயே வந்துடுச்சு பாப்பா." பெரும்பாலும் வம்சத்தில் வராது என்று டாக்டரம்மா சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பிறகு அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன்.

இப்போது சித்திக்கு முடி தோள்வரை வளர்ந்துவிட்டது. கட்டியை எடுத்துக்கொள்ளலாமே என்றால், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் எண்ணெய் தேய்த்துப் பின்னிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் வரும்போது என் விரல் தானாக மெதுவாகிவிடும். போன வாரம் பவுடர் டப்பாவை எடுத்துப்போய், "கொண்டை போடட்டுமா சித்தி?" என்று கேட்டேன்.

டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"இனிமே எதுக்கு? நீதான் பாத்துட்டியே."